வெள்ளை நூல் கட்டிய இசைத்தட்டு

உலகம் அழியும் நாளில் வானவர் இஸ்ராபீல் அலைஹிஸ்ஸலாம் ஊதப்போகும் சூர் என்ற குழல் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது என்று எட்டு வயதில் நான் உறுதியாக நம்பியிருந்தேன். அல்லாஹ் மன்னிப்பானாக.

மாமா, உம்மாவின் தம்பி, இங்கினியாகலையில் அணை கட்ட வந்த அமெரிக்கர்களுக்குச் சமைத்தவர். வேலை முடிந்து அவர்கள் ஊர் திரும்பியபோது, ஒரு எஞ்சினியர் தன் கைச்சாவிக் கிராமபோனையும் பன்னிரண்டு இசைத்தட்டுகளையும் மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் ஜாஸ். மாமா அந்தச் சொல்லைச் சொன்னால் ஏதோ கறிச் சரக்கின் பெயர் போலிருக்கும். தட்டிலிருந்த இங்கிலீசு அவருக்கு வாசிக்க வராது. மருதமுனையில் எங்கள் வீடு நெசவு வீடு, நூலுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு உறையிலும் ஒவ்வொரு நிறத்தில் நூல் கட்டி அடையாளம் வைத்தார்.

கேட்க வருகிறவரின் முகத்தைப் பார்த்துத்தான் தட்டை எடுப்பார்.

"பச்சை நூல் சோறு திண்ட பொறகு கேக்கிறது. சிவப்ப வெறும் வயித்தில கேக்கப்படா, தலை சுத்தும்."

பெண்சாதியோடு கோபித்துக்கொண்டு வந்த ஒரு மீன்காரருக்கு நீல நூலைப் போட்டார். அது முடியுமுன்பே அவர் எழும்பி வீட்டுக்குப் போய்விட்டார். மாமாவுக்குப் பெருமை. சத்தம் பொறுக்காமல் போயிருப்பார் என்று தறியில் இருந்தபடி வாப்பா சொன்னார்.

வெள்ளை நூல் தட்டை நான் இருக்கும்போது மாமா ஒரேயொரு தடவைதான் போட்டிருந்தார். ஒற்றைக் குழல், கடலுக்கு அப்பாலிருந்து யாரோ கூப்பிடுவது போல் தொடங்கி, ஏறிக்கொண்டே போனது. என் கைமயிர் எழுந்து நின்றது. சூர் ஊதினால் மலைகள் பஞ்சாய்ப் பறக்கும் என்று ஓதப்பள்ளியில் லெப்பை சொல்லித்தந்தது அந்த வாரம்தான். நல்லவேளை, பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு கேட்டது. மாமா ஊசியைத் தூக்கிவிட்டார். பாங்குதான் துனியாவைக் காப்பாற்றியது என்று நினைத்துக்கொண்டேன்.

நோன்புப் பிறை காணுமுன் பாட்டுப்பெட்டி வீட்டைவிட்டுப் போகவேண்டும் என்று வாப்பா சொல்லிவிட்டார். தொழுகிற வீட்டில் இது சரிவராது என்றார். மாமா, இசைத்தட்டுச் சேர்க்கும் பழக்கமுள்ள கல்முனை ஆஸ்பத்திரி அப்போதிக்கரி ஐயாவுக்கு ஆள் அனுப்பினார். அவர் வாங்கிப் போய் அந்தச் சூரை முழுக்கப் போட்டுவிட்டால்? நான் வெள்ளை நூல் தட்டை எடுத்து, வாப்பா கால் வைக்கும் தறிக்குழிக்குள் ஒளித்துவிட்டேன்.

ஐயா காரில் வந்தார். எதை முதலில் கேட்பது, எதை மழைநாளுக்கு வைப்பது என்று மாமா சொல்லச் சொல்ல, படித்த அந்த மனிதர் பாடம் கேட்பது போலக் கேட்டார். கடைசியில், பன்னிரண்டில் சிறந்தது எது என்றார். மாமா தட்டுகள் இருந்த பெட்டியைத் துழாவினார். வெள்ளை நூல் இல்லை. தறிக்குழியிலிருந்து வாப்பாதான் அதை எடுத்து நீட்டினார், காலில் தட்டுப்பட்டிருக்கிறது.

நான் அழுதுவிட்டேன். "அதக் குடுக்காதீங்க வாப்பா. அத முழுக்க ஊதினா கியாமத்து வந்திரும்."

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். ஐயா சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாப்பா மட்டும் சிரிக்கவில்லை. தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போடுங்க மச்சான். முழுக்கக் கேப்பம்."

நான் கலிமாச் சொல்லிக்கொண்டு வாப்பாவின் சாரத்தைப் பிடித்தேன். குழல் ஏறியது. போன தடவை நின்ற இடத்தைத் தாண்டியும் ஏறியது. இனி ஏற இடமில்லை என்ற உயரத்தில் நின்று நடுங்கி, மெல்ல மெல்ல இறங்கி வந்தது. கண்ணைத் திறந்தேன். முற்றத்தில் கோழி கிளறிக்கொண்டிருந்தது. வாப்பாவின் கையில் ஊடுநூல் ஓட்டும் நாடா அப்படியே நின்றிருந்தது.

"இது மட்டும் போக வேணா. இஞ்சயே இரிக்கட்டும்," என்றார்.

பதினொரு தட்டுகளும் கிராமபோனும் காரில் போயின. வெள்ளை நூல் தட்டை வாப்பா பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார். உலகத்தைக் காப்பாற்றத்தான் பூட்டுகிறார் என்று ஓதப்பள்ளியில் பெருமை அடித்துக்கொண்டேன். அதன் பிறகு தறியில் இருக்கும்போது வாப்பா மூடிய வாய்க்குள் ஏதோ இழுத்து இழுத்து முனகுவார். நபி மேல் ஸலவாத்து ஓதுகிறார் என்று நினைத்து நானும் பக்கத்திலிருந்து நூல் சுற்றிக்கொண்டே ஸலவாத்துச் சொல்வேன். எத்தனையோ வருசம் அப்படி.

வாப்பா மௌத்தாகி நாற்பதாம் நாள் கழிந்தபின் பெட்டகத்தைத் திறந்தோம். பழைய இசைத்தட்டுத் தேடித் திரிகிற என் மூத்த மகன் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினான். ஜாஸ் கேட்கத் தொடங்குகிறவருக்கு முதலில் இதைத்தான் கொடுக்கவேண்டும் உம்மா என்று சொல்லி, தன் கிராமபோனில் வைத்தான்.

குழல் ஏறியது. அது ஏறிய இடமெல்லாம் வாப்பா தறியில் முனகிய இடங்கள்.

வெளியே பாங்கு சொல்ல இன்னும் நேரம் இருந்தது. மகன் என் முகத்தைப் பார்த்துப் பயந்து ஊசியைத் தூக்கப் போனான்.

"வேணா மகன்," என்றேன். "முழுக்கக் கேப்பம்."