செவ்வாய் மூன்று மணி ஷட்டர்

இந்த நாட்டில் ஜூரி முறையை ஒழித்து அரை நூற்றாண்டு ஆகிறது. வங்காளத்து டாக்குரியாவின் டீக்கடை பெஞ்சுக்கு அந்தத் தகவல் இன்னும் வந்து சேரவில்லை. நீதிமன்றம் விசாரிக்கத் தொடங்கும் முன்பே கோவிந்தராஜன் குற்றவாளி என்று அது முடிவு செய்துவிட்டது.

கோவிந்தராஜனும் மனைவி கனகவல்லியும் ஸ்டேஷன் பக்கம் இட்லி மாவுக் கடை வைத்திருந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றரைக்கு, அடுத்த சந்தில் ஒரு வீட்டுத் தரகரை யாரோ பின்னாலிருந்து இரும்புக் கம்பியால் அடித்தார்கள். அடித்தவனைத் தரகர் பார்க்கவில்லை. முந்தின வாரம் கோவிந்தராஜன் அவரோடு சண்டை போட்டதை மட்டும் தெருவே பார்த்திருந்தது. போதாதா?

கடையைத் திறந்து வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார் கோவிந்தராஜன். ஷட்டர் மூடியிருந்ததாகச் சொன்னார்கள் நான்கு சாட்சிகள். பொய் சொன்னவன்தான் அடித்திருப்பான் என்று தீர்ப்பாயிற்று. கொலை முயற்சி, ஏழு ஆண்டு.

ஷட்டர் மூடித்தான் இருந்தது. செவ்வாய் மூன்று முதல் நாலரை வரை ராகு காலம், கனகவல்லி இறக்கிவிடுவாள். அவர் உள்ளே மாவு அரைப்பார். இதையெல்லாம் நம்பாதவர் என்று தெருவில் பேர் வாங்கியவர், கோர்ட்டில் இதைச் சொல்ல வெட்கப்பட்டார். வெட்கத்துக்கு ஏழு ஆண்டு என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

அப்பீல் நான்கு ஆண்டு கிடந்தது. மகள் அக்ஷராவுக்குத் தமிழைவிட வங்காளம் நன்றாகப் படிக்க வரும். வங்காளத்தில் இருந்த சாட்சியங்களின் நகலை வாங்கி வரி வரியாகப் படித்தாள்.

"அம்மா, பால்கார உதய் காக்கு என்ன சொல்லியிருக்காரு தெரியுமா?"

"ஷட்டர் மூடியிருந்துச்சுன்னு. காக்கு, சித்தப்பான்னு அந்த ஆளு பேரை எடுக்காதே."

"அது பாதிதான்மா. குறுக்கு விசாரணைல, 'செவ்வாய்க்கிழமைன்னா பக்கவாட்டுக் கதவுலதான் தயிர் குடுப்பேன். அன்னிக்கும் மூணரைக்குக் கோவிந்தராஜன் கையிலதான் குடுத்தேன்'னு இருக்கு."

"இதை யாருமே படிக்கலையா?"

"நாப்பத்தோராம் பக்கம்மா."

மேல்கோர்ட் நீதிபதிகள் நாற்பத்தோராம் பக்கத்தைப் படித்தார்கள். அதற்குப் பத்து நிமிடம் ஆயிற்று. விடுதலை.

உத்தரவு சிறைக்கு வந்து சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மூன்று பத்துக்கு, அவரை அனுப்பலாமா என்று வார்டர் வெளியே வந்து கேட்டார். கனகவல்லியின் தம்பி கோபாலன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"அக்கா, நாலரை வரைக்கும் உள்ளயே இருக்கச் சொல்லலாமா? நாலு வருஷம் இருந்தவரு, இன்னும் ஒண்ணேகால் மணி நேரம்தானே?"

"நீ வேணா உள்ள போய் இருந்துட்டு வாடா" என்றாள் கனகவல்லி. பிறகு வார்டரிடம், இப்போதே அனுப்பச் சொன்னாள்.

ஆட்டோ டாக்குரியாவில் நின்றபோது டீக்கடை பெஞ்ச் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பிறகு ஒருவர், "நல்ல வக்கீலாப் புடிச்சிருக்காங்க" என்றார், வங்காளத்தில். அந்த நீதிமன்றத்தில் அப்பீல் கிடையாது.

மணி நாலு. கனகவல்லி சாவியைப் போட்டு, தெருவுக்கே கேட்கும்படி ஷட்டரை மேலே வரை தூக்கினாள்.