வழிகாட்டி பின்னால் வருகிறார்

சுற்றுலாக் குழுவை அழைத்துப் போகிறவனுக்கு ஒரே ஒரு தகுதி போதும்: கொடியைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடக்கத் தெரிய வேண்டும்.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு மாடி அறைதான் எங்கள் டிராவல் ஏஜென்சி. இத்தனை வருடமும் எனக்குத் தமிழ்நாட்டுக் கோயில் டூர். கோபுர வாசல் வரை ஏசி பஸ் போகும்; நான் நடந்ததெல்லாம் பஸ்ஸிலிருந்து செருப்பு விடுகிற இடம் வரைக்கும்தான். இந்த வருடம் முதலாளியம்மா நியூசிலாந்து டூரில் ஒரு நாள் காட்டு நடையைச் சேர்த்துவிட்டார். காட்டுக்குள் ஏறிப் போனால் பனிமலைக்கு நடுவே ஓர் ஏரி. விளம்பரத் தாளில் ‘மிதமான சிரமம்’ என்று போட்டிருந்தது. யாருக்கு மிதம் என்று போடவில்லை.

குழுவை ஏரிவரை கொண்டுபோய்க் காட்டினால் டூர் வேலை என்னிடமே இருக்கும். பாதியில் திரும்பினால் நான் விசா கவுண்டர். அந்த நாற்காலிக்கு நேர் மேலே ஏசி குளிரைக் கொட்டும். எதிரே வந்து நிற்கிற ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. முதலாளிக்குப் பயந்து வயிற்றைக் கழுவுகிற என் இனத்தாருக்கு இது புரியும்.

விளக்கக் கூட்டம்

புறப்படும் முன் எல்லோரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு விளக்கம் சொன்னேன். வழியில் டாய்லெட் உண்டா என்றார்கள். இல்லை என்றேன். மழைக்கு ஒதுங்கக் கூரை போட்ட நடைபாதை? அதுவும் இல்லை. சிங்கப்பூரில் வீட்டு வாசலிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையம் வரை கூரைக்கடியிலேயே நடந்து பழகிய முகங்கள் ஒவ்வொன்றாக வாடின.

பத்மநாதன் அங்கிள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்து வழி வந்தவர், அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். “தம்பி, நீங்கள் அந்த ஏரிக்குப் போயிருக்கிறியளோ?” என்றார். படத்தில் பார்த்திருக்கிறேன் என்றேன். அவர் விளம்பரத் தாளைத் திருப்பி என்னிடமே நீட்டினார்.

“படத்திலை நாங்களும் பாத்திட்டம்தானே. பிறகேன் போவான்?”

அரிசி மூட்டை

உடம்பைப் பழக்க வேண்டுமே. புக்கிட் மேராவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் படிக்கட்டுக்குப் பஞ்சமில்லை. பையில் அரிசி மூட்டையை வைத்து முதுகில் மாட்டிக்கொண்டு ஏறத் தொடங்கினேன். பாதி மாடியில் முழங்கால் பேச ஆரம்பித்தது. அதன்பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுத் தம்பி லிஃப்டிலிருந்து இறங்கி வந்தான். வியர்வையில் குளித்திருந்த என்னையும், பையில் பிதுங்கிய அரிசியையும் பார்த்தான். லிஃப்ட் கெட்டுப்போச்சா என்று கேட்டான். இல்லை, நன்றாகத்தான் ஓடுகிறது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

“அண்ணே, அண்ணிகூட ஏதும் பிரச்சினையா?”

கொடி

நியூசிலாந்துக் காட்டில் பாதை ஒன்றுதான். வழி தவற முடியாது. அதனால் வழி தெரியாமல் தவிக்கிறேன் என்ற சாக்கும் இல்லை. சாங்கி விமான நிலையச் சரக்குக் கிடங்கில் நாள் முழுக்க நடந்து வேலை பார்க்கிற, எங்கள் குழுவில் வந்த புஷ்பா, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைக்குப் போவது போல என்னைத் தாண்டிப் போனாள். அப்புறம் மற்றவர்களும் தாண்டினார்கள். கடைசி ஆளைக் கவனித்துக்கொள்வதுதான் தலைவனின் கடமை என்று உரக்க அறிவித்தேன். கடைசி ஆள் நான்தான்.

மேலே போன புஷ்பா திரும்பி இறங்கி வந்தாள். உதவத்தான் வருகிறாள் என்று தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினேன். அவள் கொடியை வாங்கிக்கொண்டாள்.

“கொடி கடைசில இருந்தா, திரும்பிப் போறோம்னு எல்லாரும் நெனச்சிக்குவாங்க லா.”

புளிச்சோறு

இனி நான் செய்த முட்டாள்தனம். எங்கே போனாலும் நம்ம சாப்பாடு என்பது எங்கள் ஏஜென்சியின் வாக்கு. அதற்காக ரைஸ் குக்கரை விமானத்தில் கொண்டுபோய், விடியுமுன் ஹோட்டல் அறையில் புளிச்சோறு கிளறி, மொத்தத்தையும் என் முதுகில் ஏற்றியிருந்தேன். ஏரிக்கரையில் சாப்பாடு என்பது திட்டம். பாதி வழியில் முதுகு கேட்கவில்லை. பாரம் குறையட்டும் என்று, முன்னால் போனவர்களைக் கூவி அழைத்து அங்கேயே பந்தி வைத்துவிட்டேன். பாரம் குறைந்தது. ஆனால் புளிச்சோறு உள்ளே போனபின் எந்தத் தமிழன் மலையேறுவான்? ஒருவர் மரத்தில் சாய்ந்தார், ஒருவர் ஷூவையே கழற்றினார். கிளமெண்டியில் பள்ளி ஆசிரியையாக இருந்த ராஜேஸ்வரி டீச்சர், “காடும் அழகாத்தானே இருக்கு, இதுவே போதும்” என்று கண்ணை மூடிக்கொண்டார். என் தலைக்கு மேல் கவுண்டர் ஏசி கொட்டுவது தெரிந்தது. கெஞ்சினேன், யாரும் அசையவில்லை.

சரி, டீயாவது குடிக்கலாம் என்று ஃபிளாஸ்க்கைத் தேடினேன். அது புஷ்பாவின் பையில் இருந்தது. அவளோ அவசரமாக நாலு வாய் சாப்பிட்டுவிட்டு எப்போதோ மேலே போய்விட்டாள். அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். டீச்சர் கண்ணைத் திறந்து ஷூவை இழுத்துக் கட்டினார்.

“டீ மேலயா இருக்கு? இத மொதல்லயே சொல்லக்கூடாதா?”

பாறை

ஏரிக்குக் கடைசியாகப் போய்ச் சேர்ந்தவன் நான். தண்ணீரில் பனிமலை தலைகீழாக நின்றது. குழு முழுவதும் கரையில் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. குளிரில் கண் கலங்குகிறது என்று சொல்லிக்கொண்டேன்.

உட்காரத் தோதான பாறை ஒன்றே ஒன்று. அதன்மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட். சிங்கப்பூர் உணவங்காடியில் மேசைமேல் அதை வைத்தால் இடம் பிடித்தாயிற்று என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். நியூசிலாந்துக்காரர்களுக்குத் தெரியவில்லை, இரண்டு பேர் பாறையைப் பார்த்தபடி குழம்பி நின்றார்கள். பக்கத்தில் காவலுக்கு நின்ற பத்மநாதன் அங்கிள் பாக்கெட்டை எடுத்துவிட்டு என்னை உட்கார வைத்தார்.

“ஆள் வருது எண்டு இவைக்குச் சொல்லிப்போட்டன். வருமோ எண்டு எனக்கே நம்பிக்கை இல்லை.”

முதலாளியம்மா

ஊர் திரும்பியதும் கூப்பிட்டனுப்பினார். கொடியைக் கைமாற்றிய கதை எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. கவுண்டருக்குப் போட்டுக்கொள்ள ஒரு ஸ்வெட்டர் வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போய் நின்றேன்.

அடுத்த நடைக்கு இடம் நிறைந்துவிட்டதாம். போய் வந்தவர்கள் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லி, நானே அழைத்துப் போக வேண்டும் என்று கேட்டார்களாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“உங்களப் பாத்தாதான் எல்லாருக்கும் நம்மளாலயும் முடியும்னு தைரியம் வருதாம். ஜிம்முக்குக் கிம்முக்குப் போயி ஒடம்பக் கொறைச்சிடாதீங்க, செல்வம்.”

முன்னால் போய் வழிகாட்டுகிறவர்கள் உலகத்தில் ஏராளம். பின்னால் மூச்சிரைத்து வழிகாட்டி அதற்குச் சம்பளமும் வாங்குகிறவன், எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.