மச்சாள் மூன்று நிறத்தில் நின்ற படம்

என் கணவருக்கு லிப்ட் திருத்தும் வேலை. போன மாரியில் ஐஸில் சறுக்கி விழுந்து, காலில் கட்டோடு கனடாவில், மில்லிக்கனில் எங்கள் வீட்டுக்குள் அடைபட்டார். அந்த நாட்களில்தான் சினிமாவையும் கலர் படத்தையும் முதன்முதல் கண்டுபிடித்தவர்களின் கதைகளில் போய் விழுந்தார்.

சாப்பாட்டு மேசையில் வேறு கதையே இல்லை. ஓடும் குதிரையைப் படம் பிடிக்க வரிசையாகக் கமராக்களை வைத்தவர், 'நான்தான் முதல்' என்று ஒருவரையொருவர் கோர்ட்டுக்கு இழுத்தவர்கள் என்று ஒவ்வொருவராக வந்துபோனார்கள். அவருக்கு மிகவும் பிடித்தது, சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகளூடாக ஒரே காட்சியை மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்து, பிறகு ஒன்றாகச் சேர்த்துக் கலர் படம் ஆக்கிய விதம். இடையில் யாராவது அசைந்தால் நிறங்கள் பிரிந்து பேய் மாதிரித் தெரியுமாம்.

கட்டு வெட்டியதும் அதைத் தானே செய்துபார்க்க வேண்டும் என்றார். பக்கத்து ஊரான அஜக்ஸில் இருக்கும் அவருடைய அக்காவின், அதாவது என் மச்சாளின், அறுபதாவது பிறந்தநாள் வசதியாக வந்து சேர்ந்தது. மச்சாள் மாதா கோயிலில் பாடகர் குழுவை நடத்துபவர். அவர் திரும்பிப் பார்த்தாலே பிள்ளைகள் வாயை மூடிவிடுவார்கள்.

கேக் வெட்டுமுன் என் கணவர் எல்லோரையும் சோபாவிலும் நிலத்திலும் இருத்தினார். மச்சாள் மட்டும் முழங்கால் நோகுது என்று சோபாவுக்குப் பின்னால், கருநீலத் திரைக்கு முன்னே நின்றுகொண்டார். போனை ஸ்டாண்டில் பூட்டி, பரிசுப்பொருள் சுற்றும் கலர்க் கண்ணாடித் தாள்களைக் கையில் எடுத்தார் என் கணவர். பழைய காலத்துப் படப்பிடிப்பாளர் மாதிரி கறுத்த பெட்சீற்றால் தலையையும் மூடிக்கொண்டார். வாசிக்கும் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

"ஒருத்தரும் அசையக்கூடாது. வீடு எரிஞ்சாலும் நேர பாத்துக்கொண்டு இருங்கோ," என்றார்.

இருந்தோம். ஒவ்வொரு முறை தாள் மாற்றும்போதும் எனக்குப் பின்னால் பட்டுச்சேலை சரசரத்தது. திரும்பிப் பார்க்கவும் பயம், சிரிக்கவும் பயம்.

வீட்டுக்கு வந்து மூன்று படங்களையும் கம்ப்யூட்டரில் சேர்த்தார். நாங்கள் எல்லோரும் அழகான நிறத்தில் இருந்தோம். எங்களுக்குப் பின்னால் இடது பக்கம் ஒரு சிவப்பு மச்சாள், நடுவில் ஒரு பச்சை மச்சாள், வலது பக்கம் ஒரு நீல மச்சாள். மூவருமே பூசையில் நிற்கிற முகத்தோடு நின்றார்கள்.

உடனே போன் எடுத்தார். "அக்கா, நீங்கள் அசைஞ்சனீங்களோ?"

"இல்லைத் தம்பி. என்ரை முழங்கால் உனக்குத் தெரியும்தானே."

என் கணவர் கோபிப்பார் என்று நினைத்தேன். ஆனால் அவர் மூன்று படங்களையும் தனித்தனியே எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக ஓடவிட்டார். சிலைகளாக இருந்த எங்கள் குடும்பத்துக்குப் பின்னால் மச்சாள் இடமிருந்து வலமாகத் தாவினார். கலர் படம் எடுக்கப் போனவர் சினிமா எடுத்திருந்தார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அஜக்ஸுக்குப் போய் அதை மச்சாளுக்குப் போட்டுக் காட்டினோம். முதலில், "உது நானில்லை," என்றார். இரண்டாம் முறை உதட்டைக் கடித்தார். மூன்றாம் முறை சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று நான் கேட்டேன்.

"சின்னனிலையிருந்து எல்லாரையும் நிக்கவைச்சு, இருக்கவைச்சு அதிகாரம் பண்ணுறான். அண்டைக்கு ஓடிப்பாக்கலாம் எண்டு மனம் வந்திட்டுது," என்றார். பிறகு தம்பியிடம், "திரும்பப் போடு," என்றார்.

அந்த மூன்று நிறப் படத்தை மச்சாள் சட்டம் போட்டுத் தன் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். வீட்டை ஆசீர்வதிக்க வந்த சுவாமியார் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். அந்தக் காலத்துக் கலர் படங்கள் இப்படித்தான் வரும் என்று மச்சாள் முகம் மாறாமல் விளங்கப்படுத்தினார். சுவாமியார் நம்பிவிட்டார். இப்போது பாடகர் குழுவையும் அதே முறையில் எடுத்துத் தரச்சொல்லிக் கேட்டிருக்கிறார். என் கணவர் ஓம் என்றுவிட்டார். மச்சாள், தான் பின்வரிசையிலேயே நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்.