சத்தம் இருந்தது, காற்று இல்லை

மலர்கொடி வளையமாதேவியில் பிறந்தவள். ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படித்தாள். கணவர் அருண்ராஜ் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறார். நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே தகரக் கொட்டகை போட்டுப் பதினோரு வருஷமாக ஜெனரேட்டர், பம்புசெட், கார் இன்ஜின் என்று எது வந்தாலும் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தாள். போன புரட்டாசியில் ஒரு படகு வந்து இறங்கியது.

மேல்பட்டாம்பாக்கத்து வேணு அதைப் பழசாக வாங்கியிருந்தார். பரங்கிப்பேட்டைப் பக்கம் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப்போகத் திட்டம். பெட்ரோல் இன்ஜின். பின்பக்கம் ஒரு பெட்டிக்குள் அடைந்து கிடந்தது. பெட்டியின் மூடிதான் உட்காரும் இருக்கையும்.

இரண்டு நாள் பெட்ரோல் குழாய்களைக் கழற்றி மாட்டினாள். மூன்றாம் நாள் காலையில் வேணு, மனைவி செந்தாமரையோடு மாலையும் தேங்காயுமாக வந்துவிட்டார்.

"ஸ்டார்ட் பண்ணுங்கம்மா, நல்ல நேரம் போயிகினு இருக்குது."

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். காரின் அடி திறந்திருப்பதால் வெளியேறிவிடும். படகின் அடியோ மூடிய பாத்திரம், அங்கேயே தேங்கி நிற்கும். அதனால் முதலில் மூடியைத் திறந்து முகர வேண்டும், பிறகு ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளும் காற்றாடி நான்கு நிமிடம் ஓட வேண்டும், அதற்குப் பிறகுதான் சாவி. மலர்கொடி திறந்து முகர்ந்தாள். வாடையே இல்லை. மூடிவிட்டுக் காற்றாடி சுவிட்சைப் போட்டாள். உய்யென்று சத்தம் வந்தது. செந்தாமரை ஏறி மூடிமேல் உட்கார்ந்து, போட்டோவுக்குப் புடவையைச் சரிசெய்தாள்.

நான்கு நிமிடம் ஆனது. சாவியைத் தொடுமுன், படகின் பக்கவாட்டில் காற்று வெளியேறும் துளையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சத்தம் கேட்டது. காற்று வரவில்லை.

"அக்கா, எறங்குங்க."

"இருமா, ஒரு போட்டோ..."

"எறங்குங்கன்னு சொல்றேன்ல!"

சுவிட்சை அணைக்கப் போன கை பாதியில் நின்றது. அணைத்தாலும் பொறி தட்டும். செந்தாமரையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குதித்தாள். வேணுவையும் தள்ளிக்கொண்டு பத்தடி ஓடியிருப்பார்கள்.

மூடி கொட்டகைக் கூரையைத் தாண்டிப் பறந்தது. செந்தாமரை மண்ணில் உட்கார்ந்து தலையைத் தடவித் தடவிப் பார்த்தாள். வேணுவின் வாய் அசைந்தது. மலர்கொடிக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் கையில் முழங்கை வரை ரோமம் கருகியிருந்தது. அவ்வளவுதான், மூன்று பேருக்கும் வேறு காயமில்லை.

தீயணைப்பு வண்டி போனபின் மிச்சத்தைக் கிளறிப் பார்த்தாள். காற்றாடியிலிருந்து துளைக்குப் போகும் குழாய் எப்போதோ கழன்றிருந்தது. காற்றாடியும் படகுக்கானது இல்லை. பொறி வெளியே வராத மோட்டார் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ சாதாரணக் கார் மோட்டாரை மாட்டியிருந்தார்கள். தேங்கிய பெட்ரோல் எங்கிருந்து வந்தது? முந்தின நாள் அவளே குழாயைக் கழற்றும்போது சிந்தியதுதான். காய்ந்திருக்கும் என்று விட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலம் அடுப்பு பற்றவைக்க லைட்டரை எடுத்தவளுக்கு விரல் அழுந்தவில்லை. ஷிப்ட் முடிந்து வந்த அருண்ராஜ் அதை வாங்கிக்கொண்டார்.

"ஒனக்குத் தெரியாததா? மோந்து பாக்கலியா?"

"பாத்தேங்க. ஒண்ணுமே தெரியல. ரெண்டு நாளா பெட்ரோல்லியே கெடந்து மூக்கு செத்துப்போயிருக்குது. அது எனக்கே தெரியலியே. அந்தக்கா மூடி மேலதான் ஒக்காந்துகினு இருந்தாங்க."

ஒன்பது நாள் அவர்தான் அடுப்பு பற்றவைத்தார்.

தை மாதம் இன்னொரு படகு வந்தது. வேண்டாம் என்றவள் மறுநாள் சரி என்றாள். அடியைத் துணியால் ஒற்றியெடுத்து, மூடியை ஒரு பகல் முழுக்கத் திறந்துபோட்டாள். சரியான காற்றாடி வாங்கி, அதன் குழாய் வாயை இன்ஜினுக்குக் கீழே இறக்கினாள். துளையில் ஒட்டிய காகிதம் படபடத்தது. அப்புறம் பெட்ரோலையே தொடாத டீக்கடை விருத்தாம்பாளைக் கூப்பிட்டு முகரச் சொன்னாள்.

"மீன் நாத்தம்தான்மா வருது."

விருத்தாம்பாளைத் தூரப் போகச் சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் ஒழுங்காக ஓடியது. அணைத்துவிட்டு இறங்கியவள் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.