செவ்வந்தித் தொட்டி

போலந்தில் ஒரு வீட்டுக்குப் போனால் வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். அது நமக்குப் புதிதில்லை. ஆனால் கழற்றியதும் வேறொரு செருப்பை எடுத்துக் கொடுப்பார்கள். வீட்டுக்குள் மட்டும் போடுகிற, கம்பளியில் தைத்த செருப்பு. கப்ச்சே என்கிறார்கள். விருந்தாளிகளுக்கென்றே வாசல் அலமாரியில் பல அளவுகளில் அடுக்கி வைத்திருப்பார்கள். சங்கரன்கோவிலில் வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுப்போமே, அதுபோல இங்கே செருப்பு. அதைக் கொடுத்தால்தான் உள்ளே வரச் சொல்கிறார்கள் என்று பொருள். என் மாமியார் வீட்டு வாசலில் எனக்கு அது கிடைக்கவில்லை. காலுறையோடு குளிர்ந்த தரையில் நின்றேன். காரணம், என் கையிலிருந்த பூந்தொட்டி.

நான் அயர்லாந்தில் நர்ஸ். நாற்பதைத் தாண்டிய வயதில், அங்கே வேலை பார்க்கும் தோமாஷைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டேன். அவருடைய அம்மா கல்யாணத்துக்கு வரவில்லை. முதுமையா, கோபமா என்று தோமாஷ் தெளிவாகச் சொன்னதில்லை. "ஒரு தடவை கூட்டிட்டு வா, பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்லியிருந்தாராம். அந்த ஒரு தடவை சரியாக அமைய வேண்டுமே என்பதுதான் பயணம் முழுக்க என் கவலை. அவர்கள் மொழியில் வணக்கம் சொல்லப் பழகினேன். பட்டுச் சேலையைக் கசங்காமல் மடித்து எடுத்துவந்தேன். வெறுங்கையோடு போகக்கூடாது என்பது மட்டும் பாக்கியிருந்தது.

அக்டோபர் கடைசி வாரம். ரயில் நிலைய வாசலில் கடைக்குக் கடை செவ்வந்தி. மஞ்சள், வெள்ளை, அரக்கு. குளிரில் விறைத்துப்போய் இறங்கியவளுக்கு எங்கள் ஊர்ப் பூ மார்க்கெட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. அங்கே என் அண்ணன் கமிஷன் கடை வைத்திருக்கிறான். கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்திலிருந்து பைக்கில் வந்து இறங்கும் மூட்டைகளுக்கு நடுவில் வளர்ந்தவள் நான். இருந்ததிலேயே மொட்டுக் கெட்டியாக இருந்த மஞ்சள் தொட்டியைத் தேடி வாங்கினேன். வாடகைக் காரை எடுத்துவரப் போயிருந்த தோமாஷ் திரும்பிவந்து தொட்டியைப் பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. பூ பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கதவைத் திறந்த அத்தையிடம் தொட்டியை இரண்டு கையாலும் நீட்டினேன். மெலிந்த உடம்பு, வெள்ளைத் தலை. பூவைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கினார். மகனிடம் ஏதோ சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார்.

"என்ன சொன்னாங்க?" என்றேன்.

தோமாஷ் தயங்கினார். "நான் இன்னும் சாகலையேன்னு சொன்னாங்க."

இங்கே செவ்வந்தி கல்லறைக்குரிய பூ. வீட்டுக்கு யாரும் கொண்டு போவதில்லை. கல்லறைத் திருநாள் நெருங்கியதால்தான் கடைகளில் அத்தனை தொட்டிகள். தன் அப்பாவின் கல்லறைக்காகத்தான் நான் வாங்கியிருக்கிறேன் என்று தோமாஷ் நினைத்திருக்கிறார். கண் கலங்கியது அதனால். நமக்குப் பூவில் அப்படிப் பிரிவினை கிடையாது. கல்யாண மாலையிலும் அதே செவ்வந்தி, கல்லறையிலும் அதே செவ்வந்தி. தோமாஷ் தொட்டியை வெளிப்படியில் வைத்தார். கப்ச்சேயையும் அவரேதான் எடுத்துக் கொடுத்தார். இரவு உணவில் அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை.

அண்ணனுக்குப் போன் போட்டு அழாத குறையாகச் சொன்னேன். அவன் சிரித்தான். "ஏட்டி, இங்கன முகூர்த்தத்துக்குச் செவ்வந்தி கெடைக்காம ஆளுக அடிச்சிக்கிட்டு நிக்காவ. ஒம் மாமியாளுக்கு வேண்டாம்னா திருப்பி அனுப்பு, நான் வித்துத் தாரேன்."

மறுநாள் காலையில் அத்தை தோமாஷ் மூலமாக என்னிடம் கேட்டார்: இந்தப் பூவை உங்கள் ஊரில் என்ன செய்வீர்கள்? போனில் என் சித்தி மகளின் கல்யாணப் படத்தைக் காட்டினேன். சர்ச் வாசலில் கழுத்து நிறைய மஞ்சள் மாலை, கொண்டையைச் சுற்றிலும் மஞ்சள் செவ்வந்தி. அத்தை கண்ணாடியை எடுத்துவந்து போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "தலையிலயா?" என்று தோமாஷைக் கேட்டார். தலையில்தான் என்றார் அவர். அத்தை எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். தொட்டியை எடுத்துக்கொள்ளும்படி எனக்குக் கையைக் காட்டினார்.

மாமனார் கல்லறையில் காய்ந்த இலைகளை அவரே கூட்டித் தள்ளினார். தொட்டியை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று விரலால் காட்டினார், வைத்தேன். கண்ணாடி விளக்கொன்றை ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் தலைகுனிந்து நின்றார். பிறகு தொட்டியிலிருந்து ஒரு பூவைக் கிள்ளி, எட்டி, என் கொண்டையில் செருகினார். பூ நிற்கவில்லை. மறுபடி அழுத்திச் செருகினார். "டோப்ஜே" என்றார். சரி, நல்லது என்று அர்த்தம்.

எங்கள் வீட்டில் கல்லறைத் தோட்டத்திலிருந்து துரும்பைக்கூட எடுத்துவர மாட்டோம். போய்வந்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் வீட்டுக்குள் கால் வைக்க அம்மா விட்டதில்லை. கொண்டையில் இருந்த பூவின் மேல்தான் எனக்கு நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது. திரும்பியதும் அத்தை அலமாரியைத் திறந்து, நீல நிறக் கப்ச்சே ஒரு ஜோடியை என் கால் முன்னால் போட்டார். மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

அண்ணன் வீடியோவில் கூப்பிட்டான். "பூ நல்லாருக்கே! யாரு வெச்சு விட்டா?"

"மாமியா."

"பாத்தியா, ராசியாயிட்டாவல்லா! எங்கன வாங்குனது?"

"இங்கனதான்" என்றேன்.

குளியலறையில் வெந்நீர் தயாராக இருந்தது. ஊர்ப் பழக்கம் உடம்பை அங்கே இழுத்தது. குளித்தால் பூவை எடுக்க வேண்டும். கை காலை மட்டும் கழுவிக்கொண்டு, கொண்டை நனையாமல் பார்த்துக்கொண்டு, அத்தைக்குப் பக்கத்து நாற்காலியில் சாப்பிட உட்கார்ந்தேன்.