முப்பத்தெட்டாம் எண்ணுக்கு எத்தனை விநாடி

பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள ஒரு சின்ன பிசியோதெரபி மையத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலைகளில் ஒன்று. மாதத்துக்கு இரண்டு தடவை போவேன். இடையில் ஏதாவது கெட்டுப்போனால் கூப்பிடுவார்கள். அன்று கெட்டுப்போனது என் கையால்தான்.

அங்கே சிகிச்சைக்கு வருபவர்கள் மாதக்கணக்கில் வருபவர்கள். ஒவ்வொருவருக்கும் நிரந்தரமாக ஓர் அட்டை எண் உண்டு. முறை வந்ததும் அந்த எண் திரையில் தெரியும், குரலும் கூப்பிடும். முப்பது விநாடிக்குள் அறை வாசலில் அட்டையைத் தொட்டுக் காட்டாவிட்டால் அடுத்தவர் எண் வந்துவிடும். அந்த மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வந்திருந்தது. ஆட்கள் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று காலையிலேயே ஏற்றினேன். அது பழைய கான்ஃபிக் கோப்பை அழித்துவிட்டுத் தன்னுடையதை வைத்துக்கொண்டது. கான்ஃபிக் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. எந்த மொழியில் கூப்பிடுவது, எந்த அறைக்கு அனுப்புவது, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்றெல்லாம் எழுதி வைத்திருக்கும் கோப்பு. மூன்றே அறைகள் உள்ள இடத்தில் திரை எல்லோரையும் எட்டாம் அறைக்குப் போகச் சொன்னது.

"அத நிறுத்துங்க லா," என்றார் முன்மேசையில் இருக்கும் அக்கா. "நானே கூப்பிட்டுக்கிறேன். எனக்குத் தொண்டை நல்லாத்தான் இருக்கு."

அவர் கூப்பிடக் கூப்பிட, நான் பின்னறையில் பேக்கப் டிஸ்க்கைச் செருகினேன். மாதத்துக்கு ஒன்றாக ஜிப் கோப்புகள் வரிசையாக இருந்தன. கடைசி மாதத்து ஜிப் திறக்கவில்லை. அதற்கு முந்தையது திறந்தது. எதையும் நேராக அதன் இடத்தில் கொட்டிவிடாமல் தனி ஃபோல்டரில் எடுத்து வைத்தேன். ஒரு முறை பட்டது போதும்.

அதிலிருந்த கான்ஃபிக் கோப்பு முழுமையானதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கும் முந்தைய மாதத்துக் கோப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே ஓர் இடத்தில்தான் வித்தியாசம். பழையதில் முப்பத்தெட்டாம் எண்ணுக்கு மட்டும் தனியாக முப்பத்தைந்து விநாடி என்று இருந்தது. அதன் மேலே, ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு குறிப்பு: 'குறைக்கலாம். கேட்காமல் கூட்டக் கூடாது.' புதியதில் அந்த இரண்டும் இல்லை.

இன்னும் பழைய ஜிப்பைத் திறந்தேன். நாற்பத்தைந்து. அதற்கு முன்னால் எழுபது. வேலையை மறந்து ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனேன். ஆகப் பழையதில் இருநூற்று நாற்பது! அங்கிருந்து இறங்கி இறங்கித் தொண்ணூற்றைந்து வரை வந்து, ஒரு பிப்ரவரியில் திடீரென்று நூற்றறுபதுக்கு ஏறி, மறுபடி இறங்கியிருந்தது. யாரோ ஒருவர் மாதாமாதம் உட்கார்ந்து இந்த எண்ணை மாற்றியிருக்கிறார். எதற்காக?

எனக்கு முன் இந்த வேலையைப் பார்த்த பெண் இப்போது கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறார். கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். கோப்பு முழுசுதான், தைரியமாகப் போடலாம் என்றார். பிறகு முப்பத்தெட்டைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார்.

"அது ஒரு ஆன்டி. ஸ்ட்ரோக் வந்து கால் இழுத்துக்கிச்சு. வீல்சேர்ல உக்கார மாட்டாங்க. மொத நாளு பெஞ்சுல இருந்து அறை வாசலுக்குப் போறதுக்குள்ள நம்பர் மாறிடுச்சு. பாதி வழியில நின்னு அழுதுட்டாங்க. அப்புறம் நான்தான் ஃபோன்ல டைம் வச்சு, அவங்களுக்குத் தனியா போட்டேன். மாசாமாசம் நடக்கச் சொல்லிப் பார்த்துக் குறைப்போம்."

"பிப்ரவரியில ஏறியிருக்கே?"

"பாத்ரூம்ல வழுக்கிட்டாங்களாம், பாவம். முப்பதுக்கு வந்தப்ப அவங்களே வந்து, என் வரிய அழிச்சிடும்மான்னு சொன்னாங்க. நான் வேலைய விடுறதுக்கு முன்னாடி கடைசியா செஞ்சது அதுதான்."

கோப்பைப் போட்டேன். திரை சரியாகக் கூப்பிட்டது. அக்கா மைலோ குடிக்கப் போனார். நான் கிளம்பியிருக்கலாம். ஆனால் அட்டவணையைப் பார்த்தபோது, முப்பத்தெட்டு அன்றைக்குப் பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது.

ஊன்றுகோலோடு வந்தார். அறுபதைத் தாண்டியவர், நல்ல உயரம். பெஞ்சில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, நான் யார் என்று சொல்லி, கோப்பில் பார்த்ததையும் சொன்னேன். கோபித்துக்கொள்வாரோ என்ற பயம் இருந்தது. அவரோ என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"எல்லா மாசமும் அப்படியே இருக்கா? படிங்க பாப்போம்."

தாளில் குறித்து வைத்திருந்ததைப் படித்தேன். ஒவ்வோர் எண்ணுக்கும் தலையாட்டினார். நூற்றறுபது வந்ததும் ஆட்டம் நின்றது.

"பாத்ரூம்ல வழுக்குனீங்களாம்," என்றேன்.

அவர் முன்மேசையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வழுக்கல லா. தைப்பூசத்துக்குப் பத்துமலை போனேன். கீழேயே நின்னு கும்பிட்டுட்டு வான்னுதான் மக சொன்னா. கூட்டத்துல அவ கைய விட்டுட்டுப் படி ஏறிட்டேன்."

"எவ்வளவு தூரம்?"

"பாதி. ஏறுறது ஒண்ணுமே தெரியல. எறங்கத்தான் முடியல. முன்னப்பின்ன தெரியாத ரெண்டு தம்பிங்க தூக்கிட்டு வந்தாங்க. மூணு வாரம் கால் வீங்கிக் கெடந்தேன். அந்தப் பொண்ணு அவ்வளவு பாடுபட்டு டைம் பாத்துக் குறைச்சா, அவகிட்ட எப்படிச் சொல்றது? அதான் பாத்ரூம்னுட்டேன்."

சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. எண் வந்தது. தாளைக் கேட்டு வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

மாலையில் கிள்ளானிலிருந்து குறுஞ்செய்தி வந்தது: 'ஆன்டியப் பாத்தீங்களா? எப்படி இருக்காங்க?'

நன்றாக நடக்கிறார் என்று பதில் போட்டேன். பாத்ரூமைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.