கரையடிக் கசிவு

பாகலூருக்கு அந்தப் பக்கம் என் மாமனாருக்குச் சொந்தமாக ஒரு குட்டை இருந்தது. ஓடைக்குக் குறுக்கே அவருடைய அப்பா மண்ணைக் கொட்டிக் கரை போட்டது. அரசாங்கத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கரையைப் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்புதான். யாரும் பெரிதாகப் பார்த்துக்கொள்ளவில்லை.

நான் கல்லாவியிலிருந்து மருமகளாக வந்தபோது ஓசூரில் கம்பெனிகள் பெருகிக்கொண்டிருந்தன. என் கணவர் ஒன்றில் ஷிஃப்ட் வேலைக்குப் போனார். கரைக்குக் கீழே நிலம் வைத்திருந்த பக்கத்துக் காட்டுக்காரர், தன் தக்காளித் தோட்டத்தை ஒட்டி வரிசையாக ஓட்டு வீடுகள் கட்டிக் கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விட்டார்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழியை எங்கள் பக்கம் கோடி என்பார்கள். இனி ஒரு சொட்டும் வீணாகக்கூடாதென்று மாமா கோடியில் மண்மூட்டை அடுக்கி உயர்த்திவிட்டார். அடுத்த ஐப்பசியில் குட்டை கரையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

கரையின் வெளிப்பக்கம், அடியில் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. கணவர் சொல்லிப் பார்த்தார். "மண்ணு கரைன்னா கசியத்தான்டா செய்யும்" என்றார் மாமா. கசிவு கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. வாடகை வீட்டுப் பெண்கள் அங்கே குழி பறித்து, கல் போட்டுத் துணி துவைத்தார்கள்.

ஒரு நாள் மத்தியானம் அவர்களில் ஒருத்தி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, ஈரச் சட்டையோடு எங்கள் வாசலுக்கு வந்தாள். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அய்யா, யாரோ மாட்டை எறக்கித் தண்ணியக் கலக்குதாவ. எங்க வீட்டுக்காரர் கம்பெனிச் சட்டை பாருங்க, செம்மண்ணாப் போச்சு."

மாமா சட்டையைப் பார்க்கவில்லை. "கசியற தண்ணியே செவப்பா வருதா?"

"காலையில இருந்தே அப்படித்தான். வேகமாவும் வருது."

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். கலங்கி வந்தால் கரைக்குள்ளிருந்து மண் அரித்து வருகிறது என்று அர்த்தம். எனக்கு அது அப்போது தெரியாது. அவர் முகம் மாறியதுதான் தெரிந்தது.

"நீ போயி எல்லாரையும் மேட்டுக்கு ஏறச் சொல்லும்மா, கொழந்தைங்கள மொதல்ல" என்று அவளிடம் சொல்லிவிட்டு, மண்வெட்டியோடு கோடிக்கு ஓடினார். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிய கணவரை எழுப்பி அவர் பின்னால் அனுப்பிவிட்டு நானும் அவளோடு போனேன்.

வீடுகளில் யாரும் லேசில் நம்பவில்லை. ஒரு பெண், அடுப்பில் குழம்பு கொதிக்கிறது என்றாள். "நீ கொழம்பப் பாரு, பிள்ளைய நான் கொண்டுபோறேன்" என்று திருநெல்வேலிக்காரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அந்தப் பெண் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் ஓடிவந்தாள். அதைப் பார்த்து மற்றவர்களும் வெளியே வந்தார்கள்.

மேட்டிலிருந்து கோடி தெரிந்தது. அப்பாவும் பிள்ளையும் மூட்டைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அதற்கும் கீழே ஆழமாக வெட்டினார்கள். தண்ணீர் தக்காளித் தோட்டத்துக்குள் பாய்ந்தது. பக்கத்துக் காட்டுக்காரர் ஓடிவந்தார்.

"காய் புடிக்கிற நேரத்துல என் பயிர் மேலதான் உடணுமா?"

"கரை போச்சுன்னா உன் வூடுங்கதான் மொதல்ல போவும்" என்றார் மாமா. வெட்டுவதை நிறுத்தவில்லை.

சாயங்காலம் கரையின் நடுவில் ஒரு இடம் உள்வாங்கியது. அதற்குள் பாதித் தண்ணீர் இறங்கியிருந்ததால் கரை நின்றுவிட்டது.

கோடையில் மாமா அந்த இடத்தைத் தோண்டிக் களிமண் போட்டு இறுக்கினார். கோடியைப் பழைய மட்டத்துக்கும் கீழே கல்லால் கட்டினார். தண்ணீர் குறைந்ததால் ராகி மட்டும் விதைத்தோம்.

பக்கத்துக் காட்டுக்காரருக்கு அந்தத் தக்காளி முழுக்க அழுகிப்போனது. அதன்பிறகு எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு அவர் வரவில்லை. மாமாவும் போய்ச் சமாதானம் சொல்லவில்லை.